கியோத்தோ நகரத்து விளையாட்டுப் பெட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கலியாண வீட்டிலும் சாவீட்டிலும் இரவு விழித்திருப்போருக்குத் துணையாக அமைவது கடதாசி விளையாட்டு. அவற்றுள்ளும் முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டம் தலைமை வாய்ந்தது. ஒரு குலத்திலே வீரனுக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, இராசாவுக்கு மூன்று, இராணிக்கு இரண்டு என எழுபத்தாறு புள்ளிகள். நான்கு குலத்துக்கும் கூட்டினால் 304. இவ்வாட்டத்தில் வழங்கும் சொற்களை உற்று நோக்கினால் ஒரு செய்தி புலனாகும். இஸ்கோப்பன் என்பது ஒல்லாந்தர் மொழியிலே மண்வாரியைக் குறிக்கும் சொல். ஐரோப்பியர் கடல் கடந்து வந்தபோது கோட்டையும் கோவிலும் மட்டும் கட்டவில்லை. கடதாசிக் கட்டையும் கூடவே கொண்டு வந்தனர்.

இதே கட்டுத்தான் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேய மாலுமிகளின் சட்டைப் பையிலிருந்து யப்பானிலும் இறங்கிற்று. அங்கே கடதாசி விளையாட்டுக்கு இன்றும் வழங்கும் 'கருத்தா' என்னும் பெயர் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே. சூதாட்டம் பெருகுகின்றது என்று கண்ட யப்பானிய ஆட்சியாளர் இலக்கமிட்ட கடதாசிகளை மீண்டும் மீண்டும் தடை செய்தனர். மக்களோ தடைக்குத் தப்பப் புதுப்புதுக் கட்டுகளை உண்டாக்கினர். ஈற்றில் இலக்கமே இல்லாத ஒரு கட்டுப் பிறந்தது. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களுக்கு நாற்பத்தெட்டுச் சீட்டுகள். அவற்றின் மேல் அம்மாதத்துக்குரிய மலரும் மரமும் தீட்டப்பட்டிருக்கும். 'ஹனபுடா', அதாவது மலர்ச்சீட்டு, என்பது அதன் பெயர். 1889 ஆம் ஆண்டில் கியோத்தோ நகரத்திலே புசஜிரோ யமவுச்சி என்பவர் இம் மலர்ச்சீட்டுகளைக் கையாற் செய்து விற்கும் கடையொன்றைத் திறந்தார். அக்கடையின் பெயர் நின்டென்டோ.

உலகெங்கும் இன்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் இலத்திரனியல் விளையாட்டு யந்திரங்களை ஆக்கும் நின்டென்டோவும் மேலே சொன்ன கடையும் ஒன்றே என்பதைப் பலர் அறியார். விளையாட்டு யந்திரங்களைச் செய்யத் தொடங்கிய கொம்பனிகள் பல வந்தன, பல போயின. ஏறக்குறைய நாற்பதாண்டுக்கு மேலாக ஒரே மரபில், ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைச் செய்து, விழுந்தும் எழுந்தும் நிலைத்தது இது. அம்மரபு எத்தகையது, அது எதனைப் புதிதாகக் கண்டது, அது பரவிய காலத்திலே சாவகச்சேரி போன்ற ஓர் ஊரின் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பன ஆராயத்தக்கவை.

ஸ்தாபகரின் பரம்பரையில் வந்த ஹிரோஷி யமவுச்சி 1949 இல் தமது இருபத்தோராம், இருபத்திரண்டாம் வயதளவில் தலைமையை ஏற்றார். கடதாசியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்று அவர் உணர்ந்தார். ஆனால் வேறெதை நம்புவது என்று அவருக்கு விளங்கவில்லை. வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றினாற் சோறாகும் அரிசியும் விற்றுப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. 1965 இலே கடதாசி செய்யும் பொறிகளைப் பழுது பார்க்கக் குன்பெய் யொக்கொய் என்னும் இளைஞர் ஒருவர் வேலைக்கு அமர்த்தப்பட்டார். பொறிகள் பழுதாகாத வேளைகளில் அவர் நீண்டு சுருங்கும் பொம்மைக் கையொன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அதனைத் தலைவர் கண்டுவிட்டார். தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்த இளைஞருக்கு அதனையே விற்பனைப் பொருளாக ஆக்கும் கட்டளை கிடைத்தது. 1966 இல் வெளிவந்த அப்பொம்மை பத்து இலட்சத்துக்கு மேல் விலை போயிற்று.

யொக்கொய் பெரிய பல்கலைக்கழக விஞ்ஞானி அல்லர். ஆயினும் அவர் வகுத்த கோட்பாடு ஒன்று இம்மரபு முழுவதற்கும் அடிப்படையாயிற்று. யப்பானிய மொழியில் அவர் கூறியதைத் தமிழிற் சொல்வதாயின், வாடிய தொழில்நுட்பத்தைக் குறுக்குவழியிற் சிந்தித்தல் எனலாம். வாடியது என்றால் பயனற்றது என்பது பொருளன்று. ஒரு கருவி புதிதாக வரும்போது விலை அதிகம். அதன் குற்றங்குறைகளும் தெரியா. பலர் பல காலம் பயன்படுத்திய பின்னர் அது மலிந்துவிடும். அதன் இயல்பும் முற்றாக விளங்கிவிடும். அவ்வாறு முதிர்ந்த பொருளை எடுத்து, எவரும் எண்ணாத வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதே அவருடைய வழி. புதுமை பொருளிலே இல்லை, பயனிலே இருக்கின்றது என்பது அவர் கருத்து.

கைக்கணிப்பான்களைச் செய்த யப்பானியக் கொம்பனிகள் 1970 களிலே ஒன்றோடொன்று போட்டியிட்டன. அதன் பயனாக அவற்றின் சிறு திரைகளும் நுண்பகுதிகளும் மிக மலிந்தன. ஒருநாட் புகையிரதத்திற் சென்ற உத்தியோகத்தர் ஒருவர் பொழுது போகாது கணிப்பானின் பொத்தான்களை அமுக்கி விளையாடியதை யொக்கொய் கண்டார் என்பர். 1980 இல் 'கேம் அன்ட் வொட்ச்' என்னும் சட்டைப்பை விளையாட்டுக் கருவி பிறந்தது. விளையாடாத வேளையில் அது மணி காட்டும். 1982 இல் அதே வரிசையில் வந்த கருவியொன்றிலே, திசை காட்டுவதற்குக் கூட்டற்குறி வடிவிலமைந்த ஒரு பொத்தானை அவர் வைத்தார். இடது பெருவிரல் ஒன்றே மேலுங் கீழும், இடமும் வலமும் செலுத்தப் போதுமானதாயிற்று. அதன்பின் உலகிற் செய்யப்பட்ட விளையாட்டுப் பிடிகளுள் பெரும்பாலானவற்றில் அச்சிலுவைப் பொத்தானை ஏதோ ஒரு வடிவிற் காணலாம். பெருங் கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகள் போற்றாத இத்தகைய சிறு காரியங்களே மனிதரின் கைப்பழக்கத்தை மாற்றுகின்றன.

தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடும் எண்ணம் நின்டென்டோவுக்கு உரியதன்று. நாற்சி ஆட்சிக்குத் தப்பி 1938 இல் சேர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற யூத குடும்பத்தில் வந்த ரால்ப் பேயர் என்ற பொறியியலாளர் 1966 இல் அதனை எண்ணினார். அவர் ஆக்கிய கருவி 'ஒடிசி' என்ற பெயரில் 1972 இல் கடைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அட்டாரி என்ற கொம்பனி மேசைப்பந்தைப் போன்ற 'பொங்' விளையாட்டைப் பொது இடங்களில் நிறுத்திப் பணம் குவித்தது. நின்டென்டோ 1977 இலேதான் தன் முதல் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அக்காலத்தில் இலங்கையிலே தொலைக்காட்சியே இல்லை. 1979 இலே கொழும்பில் முதல் ஒளிபரப்பு. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி. குடாநாட்டு மக்களோ வீட்டுக் கூரைக்கு மேலே நெடிய கம்பங்களை நாட்டி, இந்தியப் பக்கம் நோக்கி அன்ரனாவைத் திருப்பித் தமிழ்ப் படம் பார்த்தனர். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டு விறாந்தையிலே ஊரே கூடியிருந்த காலம் அது.

1983 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆந் திகதி யப்பானிலே 'பமிலி கம்பியூட்டர்' என்னும் பெட்டி 14,800 யென் விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதனைச் சுருக்கிப் பமிகொம் என்று அழைத்தனர். மசயுக்கி உவெமுரா என்ற பொறியியலாளர் அதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அதே மாதத்தின் பிற்பகுதியிலே இலங்கையில் நிகழ்ந்தவற்றைத் தமிழ் நேயர் எவருக்கும் விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழும்பிலே வீடும் கடையும் எரிய, உயிர் தப்பியோர் அகதி முகாங்களிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். கியோத்தோவில் ஒரு கதையும் இங்கு ஒரு கதையும் ஒரே மாதத்திலே தொடங்கின. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அம்மாதத்திற் பிறந்த குழந்தை ஒன்று யப்பானிலும் ஒன்று தென்மராட்சியிலும் எவ்வாறு வளர்ந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இத்தேதி உதவுகின்றது.

பமிகொம்மின் உள்ளே இருந்தது புதுமையான மூளை அன்று. 1975 இலேயே வெளிவந்து மலிந்துபோன ஒரு நுண்செயலியின் வழித்தோன்றலே அது. அதன் செயல் நினைவகம் 2 கிலோபைற்று மாத்திரமே. இன்றைய கணினி எழுத்துமுறையில் அவ்விடத்திலே தமிழ்ச் சொற்கள் எழுபது எண்பதுக்கு மேல் அடங்கமாட்டா. இவ்வுரையின் ஒரு சிறு பந்தியே அதனை நிறைத்துவிடும். 1985 இல் ஷிகெரு மியமோட்டோவும் துணைவரும் ஆக்கிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைற்றுள் அடங்கியது. எட்டு உலகங்களும், கோட்டைகளும், கடலும், இசையும் அதற்குள்ளே. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அவர்கள் செய்த தந்திரங்களுள் ஒன்று இனிமையானது. அவ்வாட்டத்திலே வானத்து மேகமும் நிலத்துப் பற்றையும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் பற்றை. கோடிக்கணக்கான பிள்ளைகள் அதனைப் பார்த்திருந்தும் நெடுங்காலம் கவனித்தவர் சிலரே.

அமெரிக்காவிலோ 1983 இல் இத்தொழில் அடியோடு சரிந்தது. தரங்கெட்ட ஆட்டங்கள் கடைகளை நிறைத்தன, வாங்குவார் இல்லை. அட்டாரி கொம்பனி விலைபோகாத பொதிகளை நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்திலே புதைத்தது. அது கட்டுக்கதை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2014 இலே தோண்டி எடுத்தபோது உண்மை என்று தெரிந்தது. அந்த நிலையிலே, 1985 இல், நின்டென்டோ தன் பெட்டியை உருமாற்றி நியூயோர்க்கிற் கொண்டுபோய் வைத்தது. விளையாட்டு யந்திரம் என்றாற் கடைக்காரர் விரட்டுவர் என்று அஞ்சிப் பெட்டியோடு ஒரு பொம்மை யந்திர மனிதனையும் சேர்த்து விற்றது. அவ்வுபாயம் பலித்தது. ஈற்றில் அப்பெட்டி உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்பனையாயிற்று.

அவ்வெற்றிக்கு வேறொரு பக்கமும் உண்டு. அமெரிக்கப் பெட்டியினுள்ளே ஒரு பூட்டு நுண்பகுதி வைக்கப்பட்டது. நின்டென்டோவின் அனுமதி பெற்ற ஆட்டப் பொதி மட்டுமே அதில் ஓடும். தரத்தைக் காக்கும் வேலி என்று கொம்பனி சொல்லிற்று. ஏகபோகத்துக்கான மதில் என்று பிறர் சொல்லினர். இரண்டும் உண்மையே. யப்பானிய மூலப் பெட்டியில் அப்பூட்டு இல்லாமையால், தைவானிலும் சீனாவிலும் அதன் போலிகள் மலிந்தன. இரசியாவிலே 1992 முதல் 'டென்டி' என்ற பெயரில் அது ஒரு தலைமுறைக்கே விளையாட்டுக் கற்பித்தது. தென்னாசியாவின் கடைத்தெருக்களிலே நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் ஒரே பொதியில் என்று பொய்க் கணக்கு எழுதிய அட்டைப் பெட்டிகளில் அது 'ரீவி கேம்' என்ற பொதுப் பெயரோடு விற்கப்பட்டது. ஒரே ஆட்டத்தைப் பத்துத் தடவை வேறு வேறு பெயரில் எழுதிக் கணக்கைப் பெருப்பித்த வியாபாரிகளின் சாமர்த்தியத்தை என்னென்பது! சட்டத்தின் கண்ணிலே அது களவு. ஆனால் மூலப் பெட்டியின் விலையைக் கனவிலும் கொடுக்க முடியாத வீடுகளுக்கு மாரியோ அவ்வழியாகத்தான் வந்து சேர்ந்தான்.

சாவகச்சேரிக்கு அவ்வழியாகவும் வர இயலவில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவிப் புகையிரதம் நின்றது. மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றரி முதலிய பொருள்கள் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது. பற்றரி என்னும் இச்சிறு பொருளை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1989 ஏப்ரிலில், யொக்கொயும் அவருடைய குழுவினரும் தமது மிகப் பெரிய வெற்றியை வெளியிட்டிருந்தனர். அவ்வெற்றி முழுவதும் பற்றரியைப் பற்றியதே.

'கேம் பாய்' என்னும் அக்கைக்கருவி உள்ளங்கையைச் சற்றே மீறும் அளவினது. அதன் திரை நிறமற்றது. பச்சையும் சாம்பலும் கலந்த நான்கு சாயைகள் மட்டுமே. வெளிச்சம் இல்லாத இடத்தில் பார்க்க முடியாது. அதே காலத்தில் அட்டாரி கொம்பனி 'லிங்ஸ்' என்ற கருவியையும், அடுத்த ஆண்டில் சேகா கொம்பனி 'கேம் கியர்' என்ற கருவியையும், ஒளிரும் வர்ணத் திரையோடு விற்றன. பார்ப்பதற்கு அவை அழகு. ஆனால் ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலத்துள் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு பற்றரியிற் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடிற்று, கீழே விழுந்தாலும் உடையவில்லை, விலையும் குறைவு. வர்ணம் தோற்றது, சிக்கனம் வென்றது. மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' என்னும் கட்டையடுக்கும் ஆட்டம் அதனோடு சேர்ந்து சென்றது. கேம் பாய், பின்னர் வந்த அதன் வர்ண வடிவம் ஆகிய இரண்டும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விலை போயின.

அதே ஆண்டுகளிலே குடாநாட்டில் நிகழ்ந்தது வாடிய தொழில்நுட்பத்தின் வேறொரு வரலாறு. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலிப் பெட்டியை இயக்கி மக்கள் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற, சுற்றியிருந்தோர் கேட்பர். சுழற்றுபவர் களைத்தாற் செய்தி நலிந்து போகும். யாம் போத்தலுக்குட் சிறிது பஞ்சும் திரியும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு, அவ்வொளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். பெற்றோல் இல்லாமையால் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை முதலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இறந்த பற்றரியிலே துளையிட்டு உப்புநீர் ஊற்றியும், வெயிலிற் காயவைத்தும் சிறிது உயிர் பெற்றதை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். யொக்கொய் கண்டிருப்பாராயின் தமது கோட்பாட்டின் உண்மையான மாணாக்கர் இங்கே இருக்கின்றனர் என்று சொல்லியிருத்தல் கூடும். ஆனால் அவர் விளையாட்டுக்காகச் செய்ததை இவர்கள் பிழைப்பதற்காகச் செய்தனர். அவ்வேறுபாட்டைச் சிறிதெனக் கொள்ளுதல் ஆகாது.

பிள்ளைகள் விளையாடாமல் இருந்தனர் என்று எவரும் எண்ண வேண்டாம். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும், போளையடித்தலும், கொக்கான் வெட்டுதலும், தாயமும், நாயும் புலியும் மின்சாரம் கேட்பவை அல்ல. ஒழுங்கை மணலிற் கோடு கிழித்தாற் போதும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தாற் சோகி ஆயிற்று. அக்காலத்துச் சிறுவர்களின் விளையாட்டு அறிவு யப்பானியச் சிறுவர்களின் அறிவுக்கு ஒருபோதும் தாழ்ந்ததன்று. ஆயினும் பழைய விளையாட்டுகளைப் புகழ்ந்துவிட்டு, புதியதைக் கிடைக்காமற் செய்த தடையை மறந்துவிடும் போக்கும் சிலரிடம் உண்டு. தெரிந்தெடுத்து விளையாடுவது வேறு. வேறொன்றும் இல்லாமையால் விளையாடுவது வேறு.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோவில்களும் மரநிழல்களும் நிறைந்தன. பலாவுக்கும் மாவுக்கும் பேர் பெற்ற சந்தையூர், சில மாதங்களுக்கு ஒரு பெருநகரமாயிற்று. அவ்வாண்டிலே நின்டென்டோ ஒரு பெருந்தவறு செய்தது. யொக்கொய் ஆக்கிய 'வேர்ச்சுவல் பாய்' என்னும் கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் கருவி சிவப்பும் கறுப்பும் மட்டுமே காட்டிற்று; பார்த்தவர்க்குத் தலையிடி தந்தது. எட்டு இலட்சம் கூட விலை போகாமல் அடுத்த ஆண்டிலேயே கைவிடப்பட்டது. முப்பதாண்டுப் பணிக்குப் பின் யொக்கொய் 1996 இற் கொம்பனியை விட்டு விலகினார். 1997 ஒக்டோபரில் ஒரு வீதி விபத்திலே காலமானார். அவருக்கு வயது ஐம்பத்தாறு.

இதற்கிடையில் வேறொரு பிழையும் நேர்ந்திருந்தது. இறுவட்டில் ஓடும் யந்திரமொன்றைச் சொனி கொம்பனியோடு சேர்ந்து செய்ய உடன்பட்டிருந்த நின்டென்டோ, 1991 இல் திடீரெனப் பிலிப்ஸ் கொம்பனியின் பக்கம் திரும்பியது. அவமதிப்புற்ற சொனியினர், கென் குத்தராகி என்பாரின் ஊக்கத்தால், தாமே தனித்து ஒரு யந்திரம் செய்தனர். 1994 திசெம்பரில் வந்த 'பிளேஸ்டேஷன்' பத்துக் கோடிக்கு மேல் விற்றது. தன் பகைவனைத் தன் கையாலேயே வளர்த்த கதை இது. நின்டென்டோ 1996 இல் வெளியிட்ட யந்திரம் பெருவிரலால் எத்திசையிலும் மெல்லவும் விரைவாகவும் சாய்க்கக்கூடிய கோலொன்றைப் பிடியிலே பொதுவழக்காக்கிற்று. முப்பரிமாண உலகிலே நடப்பதற்கு அக்கோல் இன்றியமையாததாயிற்று. ஆனால் விலையுயர்ந்த பொதிகளைக் கைவிடாத பிடிவாதத்தால் விற்பனை 3 கோடியே 29 இலட்சத்தோடு நின்றது. 2001 இல் வந்தது இன்னும் குறைவாக விற்றது.

சாவகச்சேரிக்கு வந்தது வேறு விதமான அழிவு. 2000 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதத்தில் போர் தென்மராட்சிக்குள் புகுந்தது. செப்டெம்பர் வரையில் நடந்த சண்டையில் நகரம் ஏறக்குறையத் தரைமட்டமாயிற்று. கடைத்தெரு, பாடசாலைகள், வீடுகள் ஒன்றும் தப்பவில்லை. தென்னைகள் தலையிழந்து நின்றன. 2002 இல் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரிலிற் கண்டி வீதி திறந்தபின், சனங்கள் திரும்பி வந்து கூரையில்லாத சுவர்களுக்குள்ளே தங்கள் வீட்டை அடையாளம் கண்டனர்.

நியூயோர்க் நகரத்திலே நின்டென்டோவின் காட்சிக் கடையில் ஒரு கேம் பாய் பல ஆண்டுகள் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டிருந்தது. வளைகுடாப் போரிலே அமெரிக்கப் படைவீரர் ஒருவருடையது. குண்டுவீச்சில் எரிந்து உருகியது. உருகியும் அது ஓடிற்று. பார்வையாளர் முன்னே டெட்ரிஸ் கட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. பொருளின் உறுதிக்குச் சான்றாக அதனைப் பலரும் வியந்து பார்த்தனர். 2023 இல் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. அது எரிந்த அதே 1990, 1991 ஆம் ஆண்டுகளில், உலகின் இன்னொரு மூலையிலே ஒரு சனத்தொகை முழுவதற்கும் பற்றரி தடைப்பொருளாக இருந்தது என்பதை அப்பேழையின் முன் நின்றோர் எவரேனும் எண்ணியிருப்பாரோ?

2002 இற் சத்தோரு இவத்தா என்பவர் தலைமை ஏற்றார். அவர் முன்னர் ஆட்டம் எழுதும் நிரலாளராக இருந்தவர். வலிமையிற் சொனியோடு போட்டியிடுதல் வீண் என்று கண்டு, அவர் பழைய யொக்கொயின் வழிக்கே திரும்பினார். 2004 இல் இரண்டு திரைகளும் தொட்டெழுதும் வசதியும் கொண்ட 'டி.எஸ்.' வந்தது, 15 கோடியே 40 இலட்சம் விற்றது. 2006 இல் 'வீ' வந்தது. கையை வீசினாற் திரையிலே பந்து பறக்கும். அதன் மூளை போட்டியாளரின் மூளையை விட மிகச் சிறியது; ஆனால் விளையாட்டையே அறியாத பாட்டன்மாரும் எழுந்து நின்று கை வீசினர். முதியோர் இல்லங்களிற் கூட அது இடம் பெற்றது. 10 கோடியே 16 இலட்சம் விலை போயிற்று. அதன்பின் 2012 இல் வந்த 'வீ யூ' எதற்காக வந்தது என்று வாங்குவோருக்கு விளங்கவேயில்லை. ஒன்றரைக் கோடியைக் கூட எட்டவில்லை. இவத்தா 2015 இல் நோயாற் காலமானார். அவர் காலத்திலே திட்டமிடப்பட்ட 'சுவிட்ச்', வீட்டிலே தொலைக்காட்சியோடும் வெளியிலே கையிலும் விளையாடத்தக்கதாக 2017 மார்ச்சில் வெளிவந்து, 15 கோடியைக் கடந்தது. 2025 யூனில் அதன் இரண்டாம் வடிவம் வந்துள்ளது.

போர் 2009 இல் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் சாவகச்சேரி நிலையத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றது. 1983 யூலையிற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அக்குழந்தையின் பிள்ளைகள் இன்று ஆடுவது பெரும்பாலும் கைத்தொலைபேசியிலே. மாரியோவை அவர்கள் அறிவர். எங்கிருந்து வந்தவன் என்று அறியார். 2022 இல் நாடு முழுவதும் பொருளாதாரம் நொடிந்து, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, தென்னிலங்கையிற் பலர் திகைத்தனர். தென்மராட்சியின் முதியோர் மட்டும், போத்தல் விளக்கு எங்கே வைத்தோம் என்று தேடினர்.

இப்பொழுது இம்மரபுக்கு வேறொரு இடர் வந்திருக்கின்றது. 2023 மார்ச்சிலே நின்டென்டோ தன் இரு பழைய யந்திரங்களுக்குரிய இணையக் கடைகளை மூடிற்று. பொதியாக வராமல் அக்கடைகளில் மட்டுமே விற்கப்பட்ட ஆட்டங்களை இனி எவரும் முறைப்படி வாங்க இயலாது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவிலுள்ள விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஒன்று ஆய்ந்து கண்டது யாதெனில், 2010 இற்கு முன் அங்கே வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று கடையிற் கிடையா என்பது. விளையாட்டுத்தானே, போனாற் போகட்டும் என்பார் உளர். அச்சேறாத ஏடுகளையும் அம்மானைப் பாட்டுகளையும் பற்றி ஒருகாலத்தில் இவ்வாறே சொன்னார்கள். 1981 இல் எரிந்த நூலகத்தை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு, எதைக் காக்க வேண்டும் என்பதை அது அழிந்த பின்னரே உலகம் தீர்மானிக்கும் என்பது தெரியும்.

1987 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'செல்டாவின் கதை' என்னும் ஆட்டப் பொதியினுள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரி உண்டு. விளையாடுபவர் இடையில் நிறுத்திய இடத்தை அடுத்த நாளும் மறவாதிருப்பதற்காக அது வைக்கப்பட்டது. ஓர் ஆட்டத்தைப் பல நாளாகத் தொடர்ந்து விளையாடும் வழக்கம் பெரிதும் அப்பற்றரியினாற் பரவிற்று. அதன் ஆயுள் இருபது முப்பது ஆண்டு. ஆதலால் உலகெங்கும் அலுமாரிகளில் உறங்கும் அப்பொதிகளிலே, பிள்ளைகள் எழுதி வைத்த பெயர்களும் அடைந்த கோட்டைகளும் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கின்றன. பழைய பற்றரியை எடுத்துவிட்டுப் புதியதை ஈயத்தால் ஒட்டினாற் பொதி மீண்டும் உயிர் பெறும். ஆனால் முன் எழுதியவை திரும்பி வரா. மாற்றும்போது வேறொரு மின்கலத்தை இரு கம்பிகளாற் பக்கத்திலே இணைத்துப் பிடித்துக்கொண்டாற் பழைய நினைவையும் காக்கலாம் என்று பழுது பார்ப்போர் சொல்வர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பியை அசையாமற் பிடித்திருக்க, மற்றவர் ஒட்ட வேண்டும்.